வைட்டமின் டி: எந்த வயசுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு? மெடிக்கல்ல அடிக்கடி கேக்குற கேள்விகள்

தூத்துக்குடில ஒரு மெடிக்கல்ல பார்மசிஸ்ட்டா இருக்கேன், பதினாலு வருஷம் ஆச்சு. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரைக்கு அடுத்தபடியா கவுண்டர்ல அதிகமா கேள்வி வர்றது வைட்டமின் டி பத்தித்தான். தனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்னு பாதி பேருக்குத் தெரியாது, ஆனா வீட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒரு சாஷே கண்டிப்பா கிடக்கும். திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை எல்லாம் சேர்த்து எழுதியிருக்கேன். எங்க வீட்டுல நடந்த ஒண்ணும் நடுவுல வரும், இதை எழுத உக்காந்ததே அதனாலதான்.

எந்த வயசுக்கு எவ்வளவுன்னு முதல்ல சொல்லிடுங்க, மத்ததை அப்புறம் படிச்சுக்கறேன்.

சரி. ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கூட சேர்ந்து 2020ல போட்ட கணக்குப்படி பொறந்ததுல இருந்து ஒரு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 400 ஐயூ (ஐயூங்கறது வைட்டமினை அளக்கற சர்வதேச அலகு). ஒரு வயசுக்கு மேல குழந்தைங்க, பெரியவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க எல்லாருக்கும் 600 ஐயூ. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சேர்த்து 2010ல ஒரு கணக்கு போட்டாங்க, அதுலயும் இதே நம்பர்தான், 70 வயசு தாண்டுனவங்களுக்கு மட்டும் 800 ஐயூ.

இது வெயில்ல இருந்து பெருசா எதுவும் கிடைக்கலைன்னு வச்சுக்கிட்டு போட்ட அளவு. சாப்பாடு, பால், மாத்திரை எல்லாம் சேர்த்துத்தான் 600, மாத்திரையா மட்டும் 600 முழுங்கணும்னு அர்த்தம் இல்ல.

ஒரு டப்பால ஐயூன்னு இருக்கு, இன்னொண்ணுல மைக்ரோகிராம்னு இருக்கு, எது பெருசு?

1 மைக்ரோகிராம்னா 40 ஐயூ. அப்போ 10 மைக்ரோகிராம் 400 ஐயூ, 15 மைக்ரோகிராம் 600 ஐயூ, 20 மைக்ரோகிராம் 800 ஐயூ. லண்டன்ல இருந்து தங்கச்சி அனுப்புன டப்பால "10"னு போட்டிருக்கு, இது பத்தவே பத்தாதுன்னு ஒருத்தர் நாலு நாலா போட்டுக்கிட்டு இருந்தார். அது 10 மைக்ரோகிராம், அதாவது 400 ஐயூ, அவர் போட்டது 1600. நல்லவேளை, அதுல ஆபத்து ஒண்ணும் இல்ல. இதே குழப்பம் கைக்குழந்தை மருந்துல வந்தா கதையே வேற.

கைக்குழந்தைக்கு தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கறேன், அதுலயே எல்லாம் இருக்குன்னு சொல்றாங்க, ட்ராப்ஸ் எதுக்கு?

தாய்ப்பால்ல கிட்டத்தட்ட எல்லாமே இருக்கு, ஆனா வைட்டமின் டி குறைச்சல். ஒரு லிட்டர் தாய்ப்பால்லயே சாதாரணமா 100 ஐயூக்கும் கம்மியாத்தான் இருக்கும், பச்சக்குழந்தை ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குடிக்கவும் குடிக்காது, தேவையோ 400. தாய்ப்பால்ல குத்தம் சொல்றதா நினைச்சுக்காதீங்க. அம்மா உடம்புல இருக்கறதுதான பால்ல வரும், நம்ம ஊர்ல அம்மாக்களுக்கே இது குறைவு. அதனால பொறந்த சில நாள்ல இருந்து ஒரு வயசு வரைக்கும் தினமும் 400 ஐயூ ட்ராப்ஸ் குடுக்கச் சொல்லி குழந்தை டாக்டர்கள் எழுதுறாங்க. ரொம்பக் குறைஞ்சுபோன குழந்தைக்கு கால்சியம் இறங்கி ஃபிட்ஸ் வரைக்கும் போகலாம், நடக்க ஆரம்பிக்கும்போது கால் வளையறது, மணிக்கட்டு தடிக்கறது எல்லாம் அதுக்கு அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும், அதுதான் ரிக்கெட்ஸ்.

பவுடர் பால் குடிக்கிற குழந்தைன்னா அதுலயே வைட்டமின் டி சேர்த்திருப்பாங்க. முழுக்க முழுக்க பவுடர் பால்தான், அதுவும் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் கிட்ட குடிக்குதுன்னா தனியா ட்ராப்ஸ் தேவைப்படாது. பாதி தாய்ப்பால் பாதி பவுடர்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

ட்ராப்ஸ் எத்தனை மில்லி குடுக்கணும்? பக்கத்து வீட்ல ஒரு மில்லின்னு சொன்னாங்க.

இதுக்கு மட்டும் பக்கத்து வீட்டைக் கேக்காதீங்க, தயவுசெஞ்சு. நம்ம கடைகள்லயே ஒரு மில்லில 400 ஐயூ இருக்குற பாட்டிலும் இருக்கு, ஒரு மில்லில 800 ஐயூ இருக்குற பாட்டிலும் இருக்கு. முதல் பாட்டில்னா ஒரு மில்லி, ரெண்டாவதுன்னா அரை மில்லி. பாட்டில் தீர்ந்து வேற கம்பெனி வாங்குறீங்கன்னா பேர் மட்டும் மாறல, அளவும் மாறியிருக்கலாம், லேபிளைப் படிங்க, படிக்கத் தெரியலன்னா கடைக்காரரை படிச்சுக் காட்டச் சொல்லுங்க, அது அவங்க வேலைதான். அந்த பாட்டிலோட வந்த ஃபில்லரைத்தான் பயன்படுத்தணும், பழைய பாட்டில் ஃபில்லரை இதுல போடக்கூடாது, கோடு வேற வேற இடத்துல இருக்கும். 2010ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதுக்குன்னே ஒரு எச்சரிக்கை விட்டாங்க, பெரிய ஃபில்லரால குழந்தைக்கு 400க்கு மேல போயிடக்கூடாதுன்னு.

அதைவிட பயம் வெளிநாட்டுல இருந்து வர்ற பாட்டில். கனடா, அமெரிக்கால கிடைக்கிற சில பாட்டில்ல ஒரே ஒரு சொட்டுலயே 400 ஐயூ இருக்கு. பேரக்குழந்தைக்குன்னு அத்தை வாங்கிட்டு வந்த பாட்டிலை இங்க பழக்கப்படி ஒரு மில்லி உறிஞ்சிக் குடுத்தா, ஒரு மில்லில முப்பது சொட்டுக்கு மேல வரும், கணக்கு போட்டுப் பாருங்க, 12,000 ஐயூவைத் தாண்டிடும். ஆறு மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1000 ஐயூக்கு மேல போகவே கூடாதுன்னு வச்சிருக்காங்க. ஒரு அம்மா பாட்டிலைக் கொண்டு வந்து கேட்டதால அன்னைக்கு தப்பிச்சுது. கேட்டாங்களே, அதுக்கு நான் இன்னும் அவங்களை நினைச்சுக்கறேன்.

எங்க ஆச்சி குழந்தைக்கு எண்ணெய் தேய்ச்சு காலைல இளவெயில்ல காட்டுறாங்க. அது போதாதா?

எண்ணெய் தேய்க்கறது, குழந்தையை மடில போட்டு நீவி விடறது, அதெல்லாம் நல்லது, ஆச்சி செய்யட்டும். ஆனா காலை ஏழு மணி இளவெயில்ல வைட்டமின் டி பேருக்குத்தான் இருக்கும். தோல்ல வைட்டமின் டி உண்டாக்கறது வெயில்ல இருக்குற புற ஊதா பி கதிர், சூரியன் கீழ இருக்கும்போது அந்தக் கதிர் காத்து மண்டலத்துல நீளமா பயணம் பண்ணி வர்றதுல பெரும்பகுதி வடிகட்டிப் போயிடும். உச்சி வெயில்ல அந்தக் கதிர் இருக்கும், ஆனா பச்சக்குழந்தையை உச்சி வெயில்ல காட்ட முடியாது, அந்தத் தோல் தாங்காது. அதனாலதான் ட்ராப்ஸ்.

ஒரு வயசு ஆயிடுச்சு, ட்ராப்ஸை நிப்பாட்டலாமா?

டாக்டர் சொன்னா நிப்பாட்டுங்க. ஒரு வயசுக்கு மேல தேவை 600 ஐயூ. தினம் வெளில விளையாடுற பிள்ளை, முட்டை, மீன் சாப்பிடுற பிள்ளைன்னா சமாளிச்சுக்கலாம். அபார்ட்மென்ட்ல பொறந்து, வேன்ல ஸ்கூல் போய், சாயங்காலம் டியூஷன் போய், ஞாயித்துக்கிழமை செல்போனோட இருக்குற பிள்ளைக்கு வெயில் எங்க இருந்து வரும்? அந்த மாதிரி பிள்ளைங்களுக்கு தொடர்ந்து குடுக்கச் சொல்ற டாக்டர்கள் இருக்காங்க, அது சரிதான்னு நானும் சொல்வேன். எண்டோகிரைன் சொசைட்டின்னு அமெரிக்காவுல இருக்குற ஹார்மோன் டாக்டர்கள் சங்கம் 2024ல விட்ட வழிகாட்டுதல்லயும் 1 முதல் 18 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு டெஸ்ட் எடுக்காமலே வைட்டமின் டி குடுக்கலாம்னு சொல்லியிருக்காங்க.

பொண்ணு பதினாலு வயசு, உயரமா வளர்றா, அவளுக்கு அதிகமா வேணுமா?

அளவு அதே 600 ஐயூதான். ஆனா இந்த வயசுல விட்டா திரும்பப் பிடிக்க முடியாது, எலும்புல கால்சியத்தைச் சேர்த்து வைக்கிறது பெரும்பாலும் இருபதுகளுக்குள்ள முடிஞ்சிடும், அதுக்கு அப்புறம் இருக்கறதைக் காப்பாத்தறதுதான் வேலை. வயசுக்கு வந்த பொண்ணு வெயில்ல நின்னா கறுத்துடுவான்னு மொட்டை மாடிக்குக்கூட விடாத வீடுங்க எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு நாப்பது வயசுல முட்டி வலி, இடுப்பு வலின்னு கவுண்டர்ல வந்து நிக்கும்போது மனசு கஷ்டமா இருக்கு. வெயில்ல விளையாட விடுங்க. கறுத்தா என்ன?

எனக்கு 35 வயசு, ஆபீஸ் வேலை, அசதியா இருக்கு, 2000 ஐயூ மாத்திரை போடலாமா?

உங்களுக்கு வேண்டியது 600. ஒரு நாளைக்கு 4000 ஐயூ வரைக்கும் பெரியவங்களுக்குப் பாதுகாப்பான எல்லைன்னு வச்சிருக்கறதால 2000 உங்களை ஒண்ணும் பண்ணாது, ஆனா அசதிக்கு அதுதான் மருந்தான்னு கேட்டா, பெரும்பாலும் இல்ல. ரத்தம் குறைவு, தைராய்டு, தூக்கம், இதை எல்லாம் முதல்ல பாருங்க.

அமெரிக்காவுல 25,871 பேரை வச்சு வைட்டல்னு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க, பாதி பேருக்கு தினம் 2000 ஐயூ, பாதி பேருக்கு சும்மா டம்மி மாத்திரை, அஞ்சு வருஷத்துக்கு மேல. 2018ல முடிவு வந்துச்சு, கேன்சர் வர்றதோ ஹார்ட் அட்டாக் வர்றதோ குறையல. 2022ல எலும்பு முறிவு கணக்கையும் பார்த்தாங்க, அதுவும் குறையல. கவனமாப் படிங்க, அதுல கலந்துக்கிட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வைட்டமின் டி முன்னாடியே போதுமான அளவு இருந்துச்சு. குறைவா இருக்கறவங்களுக்குக் குடுத்தா பலன் இருக்கு, நிறைஞ்ச குடத்துல மேல மேல ஊத்துனா வழிஞ்சுதான் போகும்.

கர்ப்பமா இருக்கேன், ஜிஹெச்ல குடுக்குற கால்சியம் மாத்திரைல வைட்டமின் டி இருக்கா?

இருக்கு. அரசாங்கத்தோட 2014 வழிகாட்டுதல்படி குடுக்கற மாத்திரைல 500 மில்லிகிராம் கால்சியமும் 250 ஐயூ வைட்டமின் டி3யும் (வைட்டமின் டியோட ஒரு வகை) இருக்கும், பதினாலாவது வாரத்துல இருந்து தினம் ரெண்டு, பிரசவம் ஆகி ஆறு மாசம் வரைக்கும். ரெண்டு மாத்திரைலயே 500 ஐயூ வந்துடுதா, மிச்சம் 100 ஐயூ சாப்பாட்டுலயும் கொஞ்சம் வெயில்லயும் வந்துடும். அதனால அந்த மாத்திரையை ஒழுங்கா போட்டாலே கிட்டத்தட்ட கணக்கு முடிஞ்சுது. நிறைய பேர் அதை வாங்கி பீரோவுல வச்சிட்டு, வெளில ஐநூறு ரூபாய்க்கு டானிக் வாங்க எங்கிட்ட வர்றாங்க, நான் திருப்பி அனுப்பிடுவேன்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துப் போடாதீங்க, கால்சியம் இரும்பை உடம்புல சேரவிடாது. ஒண்ணு காலைல சாப்பாட்டோட, இன்னொண்ணு ரெண்டு மணி நேரமாவது தள்ளி.

கர்ப்பிணி எல்லாருக்கும் வைட்டமின் டி தனியா தரணுமான்னு கேட்டா, டாக்டர்களுக்குள்ளயே ஒரே கருத்து இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020ல, எல்லாருக்கும் வேண்டாம், குறைவு இருக்கும்னு தோணுறவங்களுக்கு தினம் 200 ஐயூ குடுக்கலாம்னு சொன்னாங்க. மேல சொன்ன எண்டோகிரைன் சொசைட்டி 2024ல, கர்ப்பிணிகளுக்குக் குடுக்கறது நல்லதுங்கற பக்கம் சாய்ஞ்சாங்க. உங்க டாக்டர் இதுல எந்தப் பக்கம் இருந்தாலும் அவங்க எழுதுனதைப் போடுங்க.

பால் குடுக்குற அம்மா நிறைய எடுத்தா குழந்தைக்கு ட்ராப்ஸ் வேண்டாமாமே?

அமெரிக்காவுல அப்படி ஒரு ஆய்வு நடந்துச்சு, 2015ல வெளியாச்சு, அம்மாவுக்கு தினம் 6400 ஐயூ குடுத்தா பால் வழியா குழந்தைக்குப் போதுமான அளவு போய்ச் சேருதுன்னு. நிஜம்தான். ஆனா அது ஆய்வுல டாக்டர்கள் மேற்பார்வைல பண்ணது, 4000ங்கற எல்லையையும் தாண்டுன அளவு. வீட்ல நாமளா அதைப் பண்ண வேண்டாம், குழந்தைக்கு ட்ராப்ஸ், அம்மாவுக்கு 600, அது போதும்.

அப்பாவுக்கு 74 வயசு, தினமும் காலைல வாக்கிங் போறார், அவருக்கும் வேணுமா?

வயசாக ஆக தோல்ல வைட்டமின் டி உண்டாகுறதுக்கு வேண்டிய மூலப்பொருளே குறைஞ்சுபோகும், அதே வெயில்ல பேரன் உண்டாக்குறதுல கொஞ்சம்தான் தாத்தா உண்டாக்குவார். அதோட விடியக்காலை வாக்கிங்ல வெயிலே கிடையாது. அமெரிக்கா, கனடா கணக்குப்படி 70க்கு மேல 800 ஐயூ. 75 தாண்டிட்டா டெஸ்ட்லாம் பாக்காம தினமும் சின்ன அளவுல குடுக்கலாம்னு இப்ப சொல்றாங்க. வயசானவங்களுக்கு விழுந்து இடுப்பு உடைஞ்சா அது வெறும் எலும்பு முறிவு இல்ல, படுக்கை, நிமோனியான்னு போகும், அதனால கால்சியம், நடை, வீட்ல வழுக்காத தரை, எல்லாத்தையும் சேர்த்துத்தான் யோசிக்கணும்.

60,000 ஐயூ சாஷே, கேப்சூல்னு குடுக்கறாங்களே, 600 போதும்னா அது எதுக்கு?

எங்க பெரியம்மா கதையை இங்கதான் சொல்லணும்.

பெரியம்மாவுக்கு 68 வயசு. வெளியூர்ல பொண்ணு வீட்ல இருக்கும்போது உடம்பு வலின்னு ஒரு டாக்டர்கிட்ட போயிருக்காங்க. டெஸ்ட்ல வைட்டமின் டி ரொம்பக் கம்மி. வாரம் ஒரு கேப்சூல், எட்டு வாரம். சரியான மருந்து, சரியான அளவு, எழுதுனதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா சீட்டுல அது இங்கிலீஷ் சுருக்கெழுத்துல இருந்துச்சு, மருந்து குடுத்தவங்க வாயால சொன்னாங்களோ இல்லையோ, பெரியம்மா காதுல "தினம் ஒண்ணு"ன்னு விழுந்திருக்கு. எட்டும் எட்டு நாள்ல முடிஞ்சுது. மூட்டு கொஞ்சம் லேசா இருக்குன்னு திரும்ப வாங்கி, திரும்பவும் தினம் ஒண்ணு. மூணு வாரத்துல சாப்பாடு இறங்கல, வாந்தி, மலச்சிக்கல், தண்ணி தண்ணின்னு தாகம், ராத்திரி பத்து தடவை பாத்ரூம், கடைசில என்னையவே யாருன்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரில சேர்த்து ரத்தம் பாத்தா கால்சியம் எகிறிக் கிடக்கு, கிட்னி திணறுது. ட்ரிப்ஸ் ஏத்தி ஏத்தி அதை இறக்கவே பத்து நாள் ஆச்சு, முழுசா தேற மாசக்கணக்கு. இது கொழுப்புல கரையிற வைட்டமின், உடம்பு கொழுப்புல போய் உக்காந்துக்கும், மருந்தை நிப்பாட்டுன உடனே வெளில போயிடாது.

இப்ப கணக்கு போடுங்க. ஒரு கேப்சூல்ல 60,000 ஐயூ, தினசரித் தேவை 600, அப்போ ஒரே கேப்சூல்ல 100 நாளைக்கான அளவு இருக்கு. வாரம் ஒண்ணுன்னா சராசரியா ஒரு நாளைக்கு எட்டாயிரத்து ஐநூறு சொச்சம், ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு எட்டு வாரம் மட்டும் அது மருந்து. மாசம் ஒண்ணுன்னா ஒரு நாளைக்கு 2000 கணக்கு. தினம் ஒண்ணுன்னா விஷம். கேப்சூல் ஒண்ணுதான், இடைவெளிதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது.

அதுக்கு அப்புறம் எங்க கடைல அந்த கேப்சூல் வெளில போகும்போது அட்டை மேல ஸ்கெட்ச் பேனாவால "ஞாயிறு மட்டும்"னு தமிழ்ல எழுதாம நான் குடுக்கறதே இல்ல. எட்டு வாரம் முடிஞ்சவங்களுக்கு டாக்டர் புதுசா எழுதாம திரும்பத் தரவும் மாட்டேன், கோச்சுக்கிட்டு வேற கடைக்குப் போனவங்க இருக்காங்க, பரவாயில்ல.

அப்போ வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டா தொல்லை இல்லையே?

ஆறு லட்சம் ஐயூ ஊசியைத்தான் சொல்றீங்க. குடல்ல மருந்து சேராத நோய் இருக்கறவங்களுக்கு டாக்டர் யோசிச்சுப் போடுற ஊசி அது, முதுகு வலின்னு வந்த எல்லாருக்கும் போடுறதுக்கு இல்ல. ஆஸ்திரேலியாவுல 70 வயசு தாண்டுன ரெண்டாயிரத்துச் சொச்சம் பெண்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2010ல வெளியிட்டாங்க, வருஷத்துக்கு ஒரே தடவை வாய்வழியா 5 லட்சம் ஐயூ. எலும்பு முறிவு குறையும்னு எதிர்பார்த்தாங்க, விழறதும் எலும்பு உடையறதும் கூடிப்போச்சு. உடம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமா கிடைக்கறதுதான் ஒத்துக்குது.

நம்ம ஊர்ல இவ்வளவு வெயில் அடிக்குது, நமக்கு எப்படிக் குறையும்?

வெயில் அடிக்குது, நாமதான் அதுல இல்ல. உப்பளத்துல வேலை பாக்கறவங்க, மீன்பிடிக்கப் போறவங்களை விட்டுட்டுப் பாருங்க, மத்தவங்க எல்லாம் பதினோரு மணில இருந்து மூணு மணி வரைக்கும் கூரைக்கு அடிலதான இருக்கோம். ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில் கணக்குல வராது, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துடும், கார்ல போறவங்களுக்கும் இதேதான். நம்ம கறுப்புத் தோல்ல இருக்குற மெலனினும் கதிரை வடிகட்டும், வெள்ளைக்காரங்களுக்குப் பத்து நிமிஷம் போதும்னா நமக்கு அதைப்போல ரெண்டு மூணு மடங்கு நேரமாவது வேணும்.

ஒரு சுலபமான அடையாளம் சொல்றேன். வெயில்ல நின்னு உங்க நிழலைப் பாருங்க, நிழல் உங்க உயரத்தைவிடக் குட்டையா இருந்தா அந்த நேரத்து வெயில்ல வைட்டமின் டி உண்டாகும், நீளமா இருந்தா பெருசா ஒண்ணும் வராது. கை, கால், முகம் தெரியற மாதிரி, வாரத்துல மூணு நாலு நாள், இருபது முப்பது நிமிஷம். மாடில துணி காயப்போடுற வேலையை அந்த நேரத்துக்கு மாத்திக்கிட்டாலே பாதி வந்துடும். தோல் எரியற வரைக்கும் நிக்க வேண்டாம். வெயில்ல வைட்டமின் டி அளவுக்கு மீறிப் போகாது, தோலே மிச்சத்தைச் சிதைச்சுடும், மாத்திரைலதான் அந்தக் காவல் இல்ல.

சாப்பாட்டுல மட்டும் 600 ஐயூ எடுக்க முடியுமா?

கஷ்டம். ஒரு முட்டை மஞ்சக்கருல சுமார் 40 ஐயூ. சாளை மீன், அயிலை மாதிரி கொழுப்புள்ள மீன்லதான் நல்லா இருக்கும், டின்ல அடைச்ச சாளைல 100 கிராமுக்கு 200 ஐயூ கிட்ட. எங்க ஊர்ல சாளை விலை கம்மி, அதனாலேயே மதிப்பும் கம்மி, விருந்தாளி வந்தா சீலாதான் வாங்கணும்ங்கறாங்க, நான் சாளை பக்கம். காட் லிவர் ஆயில் ஒரு டீஸ்பூன்ல 400 ஐயூக்குக் கொஞ்சம் மேல. குழந்தைக்கு 400ன்னு முதல்முதல்ல அளவு வச்சதே அந்த ஒரு டீஸ்பூன் மீன் எண்ணெய் ரிக்கெட்ஸைத் தடுத்ததைப் பார்த்துத்தான்.

சாதா பால்ல இயற்கையா ரொம்பக் கம்மி. பாக்கெட்ல நீல கலர்ல கூட்டல் குறியும் எஃப்ங்கற எழுத்தும் இருந்தா அது வைட்டமின் சேர்த்த பால், லிட்டருக்கு 200ல இருந்து 300 ஐயூ, ஒரு டம்ளருக்கு 40, 60 வரும். அதே குறி உள்ள சமையல் எண்ணெய்ல கிராமுக்கு 4.4ல இருந்து 6.4 ஐயூ, ஒரு நாளைக்கு 30 கிராம் எண்ணெய் உள்ள போகுதுன்னா 130ல இருந்து 190 வரை. வாங்கும்போது அந்தக் குறியைப் பாருங்க, ரெண்டும் சேர்ந்தா சைவ வீட்டுக்கு இது பெரிய உதவி. கடைல விக்கிற காளான் இருட்டுல வளர்றது, அதுல இருக்காது, வெட்டி நல்ல வெயில்ல காயவச்சா உண்டாகும்.

சைவம் சாப்பிடறோம், டி3 மாத்திரை எதுல இருந்து வருது?

பெரும்பாலும் ஆட்டு ரோமத்துல இருக்குற கொழுப்புல இருந்து, ஆட்டைக் கொல்றது இல்ல, ரோமம் கத்தரிக்கறதுதான். அதுவும் வேண்டாம்னா லைக்கன்ங்கற பாசி மாதிரி ஒண்ணுல இருந்து எடுத்த டி3 கிடைக்குது, இல்லன்னா காளான், ஈஸ்ட்ல இருந்து வர்ற டி2. டி3தான் ரத்தத்துல அளவை நல்லா ஏத்தும். கேப்சூலோட மேல் உறை ஜெலட்டினா இருக்கலாம், அது மாட்டுல இருந்தோ பன்னில இருந்தோ வர்றது, அதைக் கேட்டு வாங்குங்க.

டெஸ்ட் எடுத்தேன், 22ன்னு வந்திருக்கு, ரிப்போர்ட்ல சிவப்புல போட்டிருக்கு, பயமா இருக்கு.

பயப்படாதீங்க. நிறைய லேப்ல 30க்குக் கீழ இருந்தாலே சிவப்புல அடிச்சுடுவாங்க. மேல சொன்ன அமெரிக்கா, கனடாவோட 2010 கணக்குப்படி ஒரு மில்லி ரத்தத்துல 20 நானோகிராம் இருந்தாலே கிட்டத்தட்ட எல்லாருக்கும் போதும், 12க்குக் கீழ போனாத்தான் குறைபாடு. 30 வேணும்னு 2011ல சொன்ன அதே எண்டோகிரைன் சொசைட்டி 2024ல அந்த நம்பரைக் கைவிட்டுட்டாங்க, நல்லா இருக்கறவங்க சும்மா டெஸ்ட் எடுக்க வேண்டாம்னும் சொல்லிட்டாங்க. எலும்பு வலி, நடக்கும்போது அசைஞ்சு அசைஞ்சு நடக்கறது, லேசா விழுந்ததுக்கே எலும்பு முறியறது, இப்படி இருந்தா டெஸ்ட் எடுங்க. முழு உடல் பேக்கேஜ்ல இலவசமா சேர்த்துத் தர்றாங்கன்னு எடுத்து ராத்திரி தூங்காம கிடக்காதீங்க.

அண்ணன் லண்டன்ல, அக்கா கனடாவுல, அவங்களுக்கும் இதே அளவா?

பிரிட்டன்ல 2016ல இருந்து ஒரு வயசுக்கு மேல எல்லாருக்கும் 10 மைக்ரோகிராம், அதாவது 400 ஐயூ. அங்க அக்டோபர்ல இருந்து மார்ச் தொடக்கம் வரைக்கும் வெயில் அடிச்சாலும் வைட்டமின் டி உண்டாகுற கதிர் இருக்காது, அதனால குளிர்காலத்துல எல்லாரும் போடச் சொல்றாங்க, நம்ம மாதிரி கறுப்புத் தோல் இருக்கறவங்க வருஷம் முழுக்கப் போடறதை யோசிக்கச் சொல்றாங்க. கனடாவுல 600, அங்க பால்லயே கட்டாயமா சேர்க்கிறாங்க. நார்வேல ஓஸ்லோவுல குடியேறுன இலங்கைக்காரங்களையும் கண்டில இருக்கறவங்களையும் ஒப்பிட்டு 2008ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஓஸ்லோவுல இருக்கறவங்களுக்குத்தான் வைட்டமின் டி நல்லாவே குறைவு. தோல் ஒண்ணுதான், வானம் வேற. வெளிநாட்டுல இருக்குற நம்ம பிள்ளைங்க இதை அசால்ட்டா விடக்கூடாது.

எப்ப போடணும், வெறும் வயித்துலயா?

சாப்பிட்ட உடனே, கொஞ்சம் எண்ணெய், நெய் இருக்குற சாப்பாட்டோட. சாஷேன்னா பால்ல கலக்கிக்கலாம். ஒரு நாள் மறந்தா மறுநாள் ரெண்டாப் போட வேண்டாம்.

யாரெல்லாம் இந்த அளவைப் பாத்து நாமளா போட்டுக்கக் கூடாது?

கிட்னி பிரச்சனை இருக்கறவங்க முதல்ல. வைட்டமின் டி கல்லீரல்ல ஒரு தடவை, கிட்னில ஒரு தடவை மாறுனாத்தான் வேலை செய்யும், கிட்னி சரியில்லன்னா வேற வகை மருந்து வேணும். கிட்னில கல் வந்தவங்க, டிபி, சார்காய்டோசிஸ்ங்கற ஒரு அழற்சி நோய் இருக்கறவங்களுக்குக் கால்சியம் ஏறிடலாம். வலிப்பு மாத்திரை, டிபி மாத்திரை, ஸ்டீராய்டு நாள்பட எடுக்கறவங்களுக்கும் உடம்பு ரொம்பப் பருமனா இருக்கறவங்களுக்கும் தேவையே கூடும், ஆனா எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும். இன்னொண்ணு, கால்சியம் மாத்திரை, மல்டிவைட்டமின், சத்து மாவு பவுடர், கேப்சூல்னு நாலு இடத்துல இருந்து வர்றதைக் கூட்டிப் பாருங்க, நிறைய பேர் கூட்டறதே இல்ல.

கொரோனா சமயத்துல வாங்குன சாஷே அஞ்சாறு வீட்ல இருக்கு, என்ன செய்ய?

தேதி பாருங்க, கண்டிப்பா முடிஞ்சிருக்கும். முடியாம புதுசா வாங்குனது இருந்தாலும், யாருக்கு எழுதுனது, எத்தனை வாரம் எழுதுனதுன்னு ஞாபகம் இல்லன்னா யாரும் தொட வேண்டாம். இனிப்பா இருக்கும், குழந்தை கைக்கு எட்டுற இடத்துல இருந்தா இப்பவே எடுத்து வைங்க. டாக்டர் சொல்லி இப்ப போட்டுக்கிட்டு இருக்கறதுன்னா, ஒவ்வொரு சாஷே மேலயும் பேனாவால பேரும் கிழமையும் தேதியும் எழுதிடுங்க, அஞ்சு சாஷேக்கு அஞ்சு தேதி. பெரியம்மா இப்ப நல்லா இருக்காங்க, அவங்க மாத்திரை டப்பால ஒவ்வொரு அட்டை மேலயும் என் கையெழுத்துதான் இருக்கு. போன வாரம் போயிருந்தப்ப புதுசா வந்த கண் சொட்டு மருந்தை எடுத்து நீட்டி, "இது மேலயும் எழுதிக் குடு தாயி"ன்னாங்க.